அத்தான் ஊதிய விசில்

எங்கள் அத்தான் வாழ்நாளில் தப்பே செய்ததில்லை. இது என் கருத்து இல்லை, அவருடைய கருத்து. பஸ் மாறி ஏறிவிட்டால், பஸ் விடுகிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வழியை மாற்றிவிட்டார்கள் என்பார். அவர் போட்ட டீ தித்தித்தால், இந்தக் காலத்துச் சர்க்கரைக்கு அளவு தெரியவில்லை என்பார். அவரைக் கட்டிக்கொண்ட என் அக்கா இதற்கெல்லாம் ‘உம்’ கொட்டியே காலத்தை ஓட்டிவிட்டாள். அவள் தங்கச்சி நான், உம் கொட்டுகிற ரகம் இல்லை. அதனால் எனக்கும் அவருக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம்தான்.

சீருடை தைக்கும் பட்டறை ஒன்றில் அவர் கட்டிங் மாஸ்டர். அதே பட்டறையில் நான் சட்டைக்கும் கோட்டுக்கும் கை பொருத்தித் தைக்கிறேன். தங்கியிருப்பதும் அக்கா வீட்டில்தான். ஆகவே காலையில் பல் துலக்கும்போது பார்த்த முகத்தையே நாள் முழுக்கப் பார்க்கும் பாக்கியம் எனக்கு. ஒல்லி உடம்பு. காதில் பென்சில், கழுத்தில் அளவு டேப், டேப்புக்குக் கீழே ஒரு கறுப்புக் கயிற்றில் விசில். பட்டறை மணி கெட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. சாப்பாட்டு நேரத்துக்கும் வேலை முடிகிற நேரத்துக்கும் அத்தான்தான் விசில் ஊதுவார். மணியைச் சரிசெய்ய ஆள் வந்தபோது, எதற்கு வீண் செலவு என்று அவரே வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த விசிலுக்கும் அவருடைய மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும் படத்துக்கும் உறவு உண்டு. பழைய பேப்பரிலிருந்து வெட்டிய படம். கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் ஒரு கையைத் தூக்கி, மறு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்பார். படம் மங்கிப்போனதால் மூக்கு எது வாய் எது என்று தெரியாது. துணி கொண்டுவருகிறவர்கள் மரியாதைக்காக, “உங்க அப்பாவா மாஸ்டர்?” என்று கேட்டுவிடுவார்கள். கேட்டால் போச்சு. வெட்டும் மிஷினை அணைத்துவிட்டுக் கதையை ஆரம்பித்துவிடுவார்.

மனிதர்கள் யாரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு என்றுமே பிடிபட்டதில்லை. எங்கள் தெரு டீக்கடைக்காரருக்கு ஒரு பாடகர். அவர் பாட்டு ரேடியோவில் வந்தால் டீ ஆறிப்போனாலும் எடுத்துக் கொடுக்கமாட்டார். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் அம்மாவுக்கு ஒரு மல்யுத்த வீரர். அந்த அம்மா ஒரு எறும்பை மிதித்துப் பார்த்தவர்கள் கிடையாது, ஆனால் அந்த வீரர் யாரையாவது தூக்கிப் போட்டால் அன்று முழுக்கச் சிரித்த முகம். எங்கள் முதலாளிக்கு முதலாளியையே பிடிக்கும். எனக்கு யாரும் இல்லை. மனிதனை மனிதன் என்ன அண்ணாந்து பார்ப்பது, கழுத்துதான் வலிக்கும் என்று இருந்தேன். அத்தானுக்கோ பாடகரும் இல்லை, வீரரும் இல்லை. ஃபுட்பால் ஆட்டத்தில் கோல் போட்டவரைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பிடித்துக்கொண்டது ரெஃப்ரியை.

பட்டறைக்காரர்கள் அவரைச் சீண்டுவதற்கென்றே படத்தைக் காட்டி, “உங்க அம்பயர் எப்படி இருக்காரு?” என்பார்கள். அத்தான் வெட்டுகிற துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அம்பயர் இல்ல, ரெஃப்ரி” என்று திருத்துவார். ஒரு நாளும் திருத்தாமல் விட்டது கிடையாது.

கதை இதுதான். அத்தானுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஊர் அணி விளையாடிய பெரிய ஆட்டம் ஒன்றைச் சுவரின் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கடைசி நேரத்தில் இவர்கள் அணி ஒரு கோல் போட்டது. ரெஃப்ரி விசில் ஊதி, கோல் என்று கையைக் காட்டிவிட்டார். மைதானமே குதித்தது. அத்தான் குதித்த குதியில் ஒரு செருப்பு சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அப்போது ரெஃப்ரி மெல்ல நடந்து மைதானத்தின் நடுவுக்கு வந்தாராம். மறுபடி விசில் ஊதினாராம். ஒரு கையைத் தூக்கி, இன்னொரு கையை நெஞ்சில் வைத்து, தப்பு என்னுடையது, அது கோல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி காட்டினாராம். யாரும் அவரைக் கேட்கவில்லை, எதிரணிக்காரர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. அவராகவே செய்தார். ஊர் அணி தோற்றது.

வழி நெடுக அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு நடந்தாராம் அத்தான். வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான், ‘என்னால் இதைச் செய்ய முடியுமா?’ என்று தோன்றியதாம். மறுநாள் பேப்பரில் வந்த படத்தை வெட்டி வைத்துக்கொண்டார். விசிலையும் அந்த வாரமே வாங்கினார்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். எனக்கு எரிச்சலாக வருவது வேறு விஷயத்துக்கு. தப்பை ஒப்புக்கொண்ட ஒருவரைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே நின்று சர்க்கரையைக் குறை சொல்கிறாரே இந்த மனிதர் என்று இருக்கும். ஒரு தடவை வாய்விட்டே கேட்டுவிட்டேன். “நான் தப்பு பண்ணினாதானே ஒத்துக்கிறதுக்கு?” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

இப்படி இருக்கும்போதுதான் தீயணைப்பு நிலையத்தின் பேண்டு குழுவுக்குக் கோட்டு தைக்கும் வேலை வந்தது. சிவப்புத் துணி. ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். பளபளக்கிற பக்கத்தைத் துணியின் முகம் என்போம். வெளியூரிலிருந்து அவர்களே வரவழைத்துக் கொடுத்த துணி அது. மேற்கொண்டு ஒரு முழம் வேண்டும் என்றாலும் கிடைக்காது.

அத்தான் வெட்டுவதற்கு முன் துணியை மேசை நீளத்துக்கு அடுக்கடுக்காக விரிக்க வேண்டும். அந்த வேலைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். நல்ல உயரம், மேசையின் அந்தக் கோடிவரை எட்டும் கை. வந்த அன்றே, “என்னை எல்லாரும் நெட்டைன்னுதான் கூப்பிடுவாங்க, நீங்களும் அப்படியே கூப்பிடுங்க, பேர் வைக்கிற சிரமம் வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள். வெகுநாள் வேலையில்லாமல் அலைந்து வந்தவள். படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவுக்கும் படிக்கிற தம்பிக்கும் அவள் சம்பளம்தான் சோறு. அத்தானின் ரெஃப்ரி கதையை இரண்டாம் தடவையும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டவள் அந்தப் பட்டறையிலேயே அவள் ஒருத்திதான்.

கோட்டின் உடம்புப் பகுதியை முந்தின நாளே வெட்டியாகிவிட்டது. மறுநாள் கை. கோட்டுக் கையில் வலதும் இடதும் ஒன்று போல இருக்காது. முன்பக்கம் கொஞ்சம் அதிகமாகக் குடைந்திருக்கும். ஒரு துணியின் முகத்தைப் பார்த்து அடுத்த துணியின் முகம் இருக்குமாறு மாற்றி மாற்றி விரித்தால், கையின் அளவுக்கு வெட்டி வைத்த அட்டை ஒன்றை மட்டும் வைத்து வெட்டினாலும் வலதும் இடதும் சோடியாக வந்துவிடும். எல்லாத் துணியையும் ஒரே முகமாக, முகம் மேலே இருக்கும்படி விரித்தால், இரண்டு அட்டை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டுவதெல்லாம் ஒரே பக்கத்துக் கையாகப் போய்விடும். எங்கள் தொழிலில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும்.

காலையில் வெட்டினார்கள். கட்டு கட்டி என் மிஷினுக்கு அனுப்பினார்கள். முதல் கோட்டுக்கு இடது கையைப் பொருத்தினேன். வலது கையைத் தேடினேன். கட்டைப் பிரித்தேன், அடுத்த கட்டைப் பிரித்தேன். அத்தனையும் இடது கை. பேண்டு குழுவில் எல்லோருக்கும் இரண்டு இடது கை இருந்தால் ஒழிய அந்தக் கோட்டை யாரும் போட முடியாது.

முதலாளி வந்தார். கத்தினார் என்று சொன்னால் அது குறைவு. அவர் பார்வை முதலில் அத்தானிடம் போனது, அங்கே நிற்காமல் நேராக நெட்டையிடம் வந்தது. மாஸ்டர் தப்பு செய்யமாட்டார் என்பது பட்டறையில் எழுதாத சட்டம். அத்தானே வருடக்கணக்காக எங்கள் காதில் ஓதி ஓதி ஆக்கிய சட்டம். விரித்தது அவள்தான், புது ஆள், ஒரே முகமாக விரித்துத் தொலைத்துவிட்டாள் என்று முடிவாயிற்று. சாயங்காலம் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிடு என்றார் முதலாளி. நெட்டை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அத்தான் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்துக் குழாயடியில் அவளைப் பிடித்தேன். இவ்வளவு நாள் ஒழுங்காக விரித்தவளுக்கு இன்று என்ன வந்தது என்று கேட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். விரிப்பதற்கு முன் மாஸ்டரிடம் கேட்டிருக்கிறாள், முகம் பார்த்து விரிக்கவா, ஒரே முகமாகவா என்று. அவர் அப்போது பட்டன் கொண்டுவந்தவரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாராம், கோல் விழுகிற இடம். திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஒரே முகமா போடும்மா” என்று கையை ஆட்டினாராம்.

“அதை முதலாளிகிட்ட சொல்ல வேண்டியதுதானே?” என்றேன்.

“நான் சொன்னா யாரு நம்புவா அக்கா? நானே ஒரு நிமிஷம் என்னை நம்பல. மாஸ்டர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரோன்னுதான் தோணுச்சு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு விசிலை அன்று அத்தான் ஊதியபோது அதில் பாதிதான் சத்தம் இருந்தது. மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். எங்கள் வீடு பட்டறைக்குப் பின்தெருவிலேயே இருப்பதால் நானும் அவரும் வழக்கம்போல வீட்டுக்கு நடந்தோம். வீட்டுக்குள் காலை வைத்ததும் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அவரும் கேட்கட்டும் என்று அவர் தட்டுக்கு முன்னாலேயே. அந்தப் படத்தை நானே போய்க் கிழித்துப் போடப் போகிறேன் என்றும் சொன்னேன்.

அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதாவது சோற்றைத் தட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். “அந்த ரெஃப்ரி கதையில மிச்சம் ஒண்ணு இருக்கு, தெரியுமா உனக்கு?” என்றாள். தெரியாது என்றேன். அவர் யாருக்கும் சொன்னதில்லையாம், கல்யாணமான புதிதில் இவளுக்கு மட்டும் சொன்னாராம். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அந்த ரெஃப்ரிக்குப் பெரிய ஆட்டம் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் அவர் வீட்டு வாசலில் போய்க் கத்தினார்கள். கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாடுகிற ஆட்டத்துக்கு விசில் ஊதிக்கொண்டு இருந்தாராம். அத்தான் ஒரு நாள் தேடிப் போய்த் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

“அவருக்குத் தெரியும்டி, வாயைத் திறந்தா என்ன ஆகும்னு. தெரிஞ்சவருக்குத்தான் பயம். அவரை விடு, கொஞ்ச நேரம் அவரு பாட்டுக்கு நிக்கட்டும்” என்றாள்.

வாசலில் நின்றவரை எட்டிப் பார்த்தேன். பின்பக்கம் மட்டும் தெரிந்தது. அவ்வளவு சின்ன ஆளா இவர் என்று இருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் போகவில்லை, ஆனால் முதல் தடவையாக அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. கத்திரிக்கோலைத் தவிர வேறு தொழில் தெரியாத மனிதர். மாஸ்டர் என்று கூப்பிடுவதை எடுத்துவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும் என்று அவருக்கே தெரியாது.

பட்டறைக்குத் திரும்பினோம். நெட்டை தன் பையையும் தண்ணீர் பாட்டிலையும் மேசைக்கடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கடைசி வேலையாகத் துண்டுத் துணிகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மிஷின்கள் ஓடத் தொடங்கின. நான் கண்ணை மிஷினில் வைத்திருந்தேன், ஊசி எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

அப்போது விசில் ஊதியது.

மிஷின்கள் நின்றன. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். காஜா அம்மா, அதற்குள் வேலை முடிந்துவிட்டதா என்று சந்தோஷமாகச் செருப்பைத் தேடினார். இன்னும் இரண்டு பேர் பழக்க தோஷத்தில் காலி டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துவிட்டார்கள். முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அத்தான் தன் மேசையைவிட்டு வெளியே வந்து, மிஷின் வரிசைகளுக்கு நடுவில் நின்றார். ஒரு கையைத் தூக்கினார். இன்னொரு கையை நெஞ்சில் வைத்தார்.

“அந்தப் பொண்ணு என்னைக் கேட்டுட்டுத்தான் விரிச்சுது. ஒரே முகமா போடச் சொன்னது நான். அட்டை ஒண்ணு மட்டும் வெச்சு வெட்டினதும் நான். தப்பு என்னுது” என்றார்.

அவ்வளவுதான் பேசினார். பேசி முடித்த பிறகும் தூக்கிய கையை இறக்க மறந்துவிட்டார். நான் போய்ப் பிடித்து இறக்கிவிட்டேன். என் கண் கலங்கியிருந்தது என்று பட்டறையில் சொல்கிறார்கள். பஞ்சுத் தூசி என்று நானும் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலாளிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. யாரைத் திட்டுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருந்த மனிதரிடம் ஆளை மாற்றச் சொன்னால் திணறத்தானே செய்வார். கடைசியில் நெட்டையைப் பையை உள்ளே வைக்கச் சொன்னார். அத்தானிடமிருந்து வெட்டும் மிஷினை வாங்கிக்கொண்டார். அந்தக் காலத்தில் தானும் பெரிய கட்டிங் மாஸ்டர்தான் என்றும், இனி தானே வெட்டப் போவதாகவும், அத்தான் துணி விரித்தால் போதும் என்றும் அறிவித்தார். அத்தான் மேசையின் மறு கோடிக்குப் போய் நெட்டைக்கு எதிரே நின்று துணியின் நுனியைப் பிடித்தார். அவள் வேண்டுமென்றே உரக்கக் கேட்டாள், “மாஸ்டர், முகம் பாத்தா, ஒரே முகமாவா?” அவர் துணியைத் தொட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

கைகள் விஷயம் பாக்கி இருந்ததே. சிவப்புத் துணி தீர்ந்துவிட்டது. பேண்டு மாஸ்டர் கோபமாக வந்தார். வேறு வழியில்லாமல், கையிருப்பில் இருந்த மஞ்சள் துணியில் வலது கை வைத்துத் தைத்த ஒரு கோட்டை நடுங்கிக்கொண்டே காட்டினோம். அவர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் கையை ஏற்றி இறக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அணிவகுப்பில் யார் கை சரியாக ஏறவில்லை என்று கண்டுபிடிப்பதற்குள் தன் பாடு பெரும்பாடாக இருக்கிறதாம். இனிமேல் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும், எல்லாக் கோட்டுக்கும் மஞ்சளே வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வாத்தியக்காரர்கள் எங்களைச் சபித்திருப்பார்கள். அணிவகுப்பு நாளில் ஊர் வேடிக்கை பார்த்துக் கை தட்டியது. தன் யோசனை என்று முதலாளி சொல்லிக்கொண்டார், யாரும் மறுக்கவில்லை. மிச்சமான இடது கைகளில் பஞ்சு அடைத்து ஆளுக்கொன்று நாற்காலியில் போட்டுக்கொண்டோம். இன்றைக்கும் நான் உட்கார்ந்து தைப்பது ஒரு தீயணைப்பு வீரரின் இடது கைமேல்தான்.

முதலாளியின் இடுப்பு அந்த மாதம் முடியும்வரை தாங்கவில்லை. ஒரு நாள் குனிந்தவர் நிமிர முடியாமல், வெட்டும் மிஷினைத் தாமாகவே அத்தானிடம் கொடுத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார். அத்தான் திருந்திவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் இன்னும் சர்க்கரை மேல்தான் பழி. போன வாரம் குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்து, மழை திடீரென்று நின்றது யார் தப்பு என்று கேட்கிறார். ஆனால் பட்டறையில் யார் என்ன கேட்டாலும் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். கதையைக்கூட இப்போதெல்லாம் முழுசாகத்தான் சொல்கிறார். பள்ளிக்கூட மைதானத்தில் போய் முடிகிறது.

நெட்டை கெட்டிக்காரி. துணி விரிப்பதிலிருந்து அட்டை வைத்து அளவு குறிக்கும் வேலைக்கு வந்துவிட்டாள். சில மாதம் முன்பு ஒரு காலையில், பள்ளிப் பிள்ளைகளின் கால்சட்டைக்குக் குறித்துக்கொண்டிருந்தவள் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு அத்தானிடம் வந்தாள்.

“மாஸ்டர், அந்த விசிலைக் கொஞ்சம் குடுங்க.”

அத்தான் எதற்கு என்று கேட்கவில்லை. கழுத்துக் கயிற்றைக் கழற்றினார், விசிலைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். அக்கா கேட்டும் தராத விசில் அது. நெட்டை அதை வாங்கிக்கொண்டு மிஷின்களுக்கு நடுவில் போய் நின்று, காது கிழிய ஊதினாள்.

மிஷின்கள் நின்றன. பின்வரிசையில் ஒருவர் டிபன் பாக்ஸை எடுத்தார். அவள் நீளக் கையைத் தூக்கி, பாக்கெட்டுக்குக் குறித்த இடம் மேலே ஏறிவிட்டது, நேற்று வெட்டியதிலும் அப்படித்தான் இருக்கும், யாரும் தைக்காதீர்கள், தப்பு தன்னுடையது என்று சொன்னாள். குரல் நடுங்கவே இல்லை.

“பாத்துக்கங்க, புது அம்பயர் வந்தாச்சு” என்றார் டிபன் பாக்ஸ்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அத்தானைப் பார்த்தேன், திருத்துவார் என்று. அவர் காதில் அது விழவே இல்லை. இத்தனை வருடம் சுவரில் இருக்கும் அந்த மனிதரை எப்படிப் பார்ப்பாரோ, அப்படியே அண்ணாந்து நெட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.